முசுகுந்தன் ஓவியங்களும் யந்திரத்தின் வெள்ளையும்

திருவாரூர்த் தியாகராஜ சுவாமி கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரையப்பட்டிருப்பதை நம்மில் பெரும்பாலோர் அறிவது புகைப்படங்கள் மூலம்தான். நேரில் போனவர்களுக்கும் கழுத்து நோக அண்ணாந்து பார்த்த அரைமணி நேரத்தைவிடப் பிற்பாடு வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்த படங்களே மனசில் தங்கியிருக்கின்றன. ஆகவே இந்த ஓவியங்களைப் பற்றி எழுதப்படுவது எதுவும் பாதிக்குமேல் புகைப்படங்களைப் பற்றிய எழுத்தாகவே இருக்கிறது. எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்தச் சிவப்பைப் பற்றிப் பரவசத்தோடு பேசுவார்கள். எந்தச் சிவப்பு? மண்டபத்தில் உள்ளதா, படச்சுருளில் விழுந்ததா, அச்சுமையில் வந்ததா, இன்று கைபேசித் திரையில் ஒளிர்வதா? நான்கும் நான்கு சிவப்பு. வர்ணத்தைப் பற்றிய விமர்சனம் என்று தமிழில் வருவதில் பெரும்பகுதி, எதைப் பார்த்து எழுதினோம் என்ற கேள்வியையே கேட்டுக்கொள்ளாத எழுத்து.

இந்த நான்குக்கும் இடையே நிறத்தைத் திருப்பிவிடுகிற ஒரு சின்ன விசை காமிராவில் இருக்கிறது. காமிராக்காரர்கள் அதை வொயிட் பேலன்ஸ் என்கிறார்கள்; வெள்ளைச் சமன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய டிஜிட்டல் காமிராவில் அது வெயில், நிழல், மேகம், குண்டு பல்பு, குழல் விளக்கு என்று சிறு பொம்மைகளாக வரிசையில் நிற்கிறது. தொழில்நுட்பச் சமாசாரம், எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வேலை இருக்கிறது என்பதுதான் என் கட்சி. இந்த இடத்தில் யந்திரத்திடம் கேட்கப்படுவது 'எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளப் போகிறாய்?' என்ற கேள்வி. அதற்குச் சொல்லப்படும் பதிலைப் பொறுத்துத்தான் மற்ற எல்லா நிறங்களும் தத்தம் இடத்தில் போய் உட்காருகின்றன. இது வாசிப்பின் காரியம்.

காரியம் நடக்கிற விதம் எளிது. காகிதத்தைக் குண்டு பல்பின் கீழ் பார்த்தாலும் நடுப்பகலில் பார்த்தாலும் நாம் வெள்ளை என்றே சொல்கிறோம். கண்ணும் மூளையும் வெளிச்சத்தின் சாயலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கின்றன. காமிராவின் சில்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்து விழுந்த சிவப்பு, பச்சை, நீலத்தை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் கொஞ்சம்; மர நிழலில் நேர்மாறு. சிவப்பு எண்ணையும் நீல எண்ணையும் தனித்தனியே ஏதோ ஒரு மடங்கால் பெருக்கி, வெள்ளை என்று எடுத்துக்கொண்ட இடத்தில் மூன்றும் சமமாகும்படி செய்வதுதான் சமன். கண்ணும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது என்று ஃபான் க்ரீஸ் என்ற ஜெர்மானியர் 1902லேயே சொல்லியிருந்தார். ஒளியின் சாயலைக் கெல்வின் கணக்கில் சொல்வது வழக்கம்: மெழுகுவர்த்தி 1900ஐ ஒட்டி, குண்டு பல்பு 2700லிருந்து 3000 வரை, நடுப்பகல் வெயில் 5500 சுமார், நிழல் 7000க்கும் மேல். காய்ச்சிய இரும்பு சிவந்து, மஞ்சளித்து, மேலும் காய்ந்தால் வெண்மையாவது போன்ற ஏற்பாடு இது. அதனால்தான் நாம் 'சூடான நிறம்' என்பது குறைந்த எண்ணிலும், 'குளிர்ந்த நிறம்' என்பது உயர்ந்த எண்ணிலும் இருந்து புதிதாகக் கற்பவனைக் குழப்புகின்றன. போதாததற்கு, காமிராவில் எண்ணை ஏற்றினால் படம் நீலமாவதில்லை, மஞ்சளாகிறது. 'வெளிச்சம் நீலமாக இருக்கிறது, ஈடுகட்டு' என்று அதனிடம் சொல்லியிருக்கிறோம், அது கட்டுகிறது.

இதையெல்லாம் நாமே செய்ய வேண்டியதில்லை, தானே பார்த்துக்கொள் என்று விட்டுவிட 'ஆட்டோ' இருக்கிறது. கைபேசியோடு மண்டபத்தில் நுழைகிற எவரும் அதில்தான் எடுக்கிறார்கள். ஆட்டோவுக்கு வெளிச்சம் எப்படித் தெரியும்? தெரியாது, ஊகிக்கிறது. அந்த ஊகங்களில் மிகப் பழையது, உலகத்தின் நிறங்களையெல்லாம் சேர்த்துக் கலக்கிச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்பது. படத்தின் சராசரி சாம்பலாக இல்லையென்றால் குற்றம் வெளிச்சத்துடையது, அதைத் திருத்து. இன்னொன்று, படத்தில் மிகப் பிரகாசமான இடம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது. இப்போது வருகிற கைபேசிகள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி ஊகிக்கின்றன. ஆனால் அந்தப் பழக்கத்தில் நாயக்கர் பாணி விதானம் எத்தனை இருந்திருக்கும்?

முசுகுந்தன் ஓவியங்களில் கண்ணை முதலில் வாங்குவது பின்புலத்துக் காவிச் சிவப்பு. யானைகளும் குதிரைகளும் பல்லக்குகளும் வாணவேடிக்கையும் தேவர்களும் அந்தச் சிவப்பின்மேல்தான் நகர்கிறார்கள். வானம், தூரம், காற்று என்று நாம் எதிர்பார்க்கும் வெளி அங்கே கிடையாது, சிவப்பே வெளி. ஓவியன் செய்த மிகப் பெரிய தீர்மானம் இதுதான், மற்ற தீர்மானங்கள் இதற்குப் பிறகு வந்தவை. சராசரி சாம்பலாக இருக்க வேண்டும் என்று நம்புகிற யந்திரத்தை இதன்முன் நிறுத்தினால் என்ன ஆகும்? வெளிச்சத்தில் சிவப்பு அளவுமீறி இருக்கிறது என்று அது முடிவு கட்டுகிறது. சிவப்பைக் குறைக்கிறது, நீலத்தை ஏற்றுகிறது. காவி பழுப்பாகி, சுண்ணாம்பு வெள்ளை லேசாக நீலம் பாரித்து, மேனிகள் சாம்பல் பூத்துப் படம் வந்து சேருகிறது. ஓவியத்தில் ஓவியன் அழுத்தமாகச் சொன்ன ஒரே விஷயத்தை யந்திரம் பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்திவிட்டது. இப்படிப்பட்ட திருத்தம் நமக்குப் புதிதும் அல்ல. ஒரு படைப்பின் அதீதத்தை அதன் குறையாகக் கண்டு சராசரிக்கு இழுத்து வருவதையே விமர்சனம் என்று செய்துகொண்டிருக்கும் பேராசிரியர்களை நாம் அறிவோம். அவர்களுக்காவது சம்பளம் வருகிறது.

இதற்கு எதிர்த் திசையிலும் சேதம் உண்டு. சிவப்பு மங்கிவிட்டது என்று கண்டுகொண்டவர், பின்னால் கணிப்பொறியில் உட்கார்ந்து சிவப்பைக் கூட்டுகிறார். எவ்வளவு? கண்ணுக்கு நன்றாக இருக்கிற வரை. நன்றாக இருப்பது என்பது காலண்டர் படங்களில் பழகிய கண்ணுக்கு எது நன்றாக இருக்குமோ அது. இப்படி இரண்டு பொய்ச் சிவப்புகள் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு உலவுகின்றன.

மண்டபத்தின் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அறிந்தவர்களும் சறுக்குகிறார்கள். ஓவியம் இருப்பது விதானத்தில். அதன் முகம் கீழ்நோக்கியது. அதன்மேல் வெயில் நேரே படுவதே இல்லை. பக்கவாட்டில் நுழைகிற பகல், தரையிலும் தூண்களிலும் பட்டுத் தெறித்து மேலே போகிறது. கல்லின் நிறத்தை, தரையில் படிந்த புழுதியின் நிறத்தை, கூட்டம் இருந்தால் கூட்டத்தின் உடுப்பு நிறத்தைக்கூட அது வாங்கிக்கொண்டு போகிறது. இதோடு குழல் விளக்கு எரிந்தால் கேட்கவே வேண்டாம். குழல் விளக்கின் பாதரச ஒளியில் பச்சை ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஊசிபோல் எழும்பி நிற்கிறது; கெல்வின் எண் எதை வைத்தாலும் அது போகாது. அதற்காகத்தான் காமிராக்களில் பச்சைக்கும் ஊதாச் சிவப்புக்கும் இடையே நகரும் இன்னொரு விசை வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டத்தின் ஒரு ஓரத்தில் பகலும் மறு ஓரத்தில் விளக்கும் விழுந்தால் எந்த ஒரு எண்ணும் இரண்டு ஓரங்களுக்கும் பொருந்தாது. இன்னொன்று: வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை எந்தப் பெருக்கலும் கொண்டுவர முடியாது. மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அதன் கீழ் காவி செத்துத்தான் தெரியும். சமன் செய்தால் வெள்ளை வெள்ளையாகும், காவி பிழைக்காது.

சரியான வழி ஒன்று உண்டு, பழைய வழிதான். நிறச்சாய்வு இல்லாத சாம்பல் அட்டை ஒன்றை ஓவியத்தின்மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் பிடித்து, முதலில் அதைப் படம் எடுத்து, இதுதான் நடுநிலை என்று காமிராவுக்குச் சொல்லிவிடுவது. 'அதே வெளிச்சத்தில்' என்பதில்தான் சூட்சுமம். அட்டையை இடுப்பளவில் வெளிப்பக்கம் பார்த்துப் பிடித்தால் அது வாங்குவது வானத்து ஒளி. விதானம் வாங்குவதோ தரையின் ஒளி. ஆக, நீளக் கழியின் முனையில் அட்டையைக் கட்டி, விதானத்துக்கு அருகே, அதன் முகமும் கீழ்நோக்கி இருக்கும்படி உயர்த்த வேண்டும். இந்தச் சிரமத்தை எத்தனை பேர் படுகிறார்கள்? பக்கத்தில் நிற்பவரின் வேட்டியை வெள்ளையாக வைத்துக்கொள்கிறவர்களே அதிகம். நம் வேட்டி வெள்ளை, வெள்ளையே அல்ல. நீலம் போட்டு அலசியது. இன்றைய சலவைத் தூளில் பகல் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும் ரசாயனம் வேறு சேர்த்திருக்கிறார்கள். நீலம் பாய்ந்த துணியை வெள்ளை என்று காமிராவிடம் சொன்னால், அது நீலத்தைக் கழித்து ஓவியம் முழுவதையும் மஞ்சளில் தோய்த்துக் கொடுக்கும். தும்பைப் பூப் போன்ற வேட்டி கட்டியவரின் கண்ணியம் ஓவியத்தின்மேல் கறையாகப் படிகிறது.

ஓவியத்தில் உள்ள சுண்ணாம்பு வெள்ளையையே வெள்ளையாக எடுத்துக்கொண்டால் என்ன என்பது கெட்டிக்காரத்தனமான யோசனையாகத் தோன்றும். யோசித்தால் இதுதான் ஆகப் பெரிய மோசம். மூன்று நூற்றாண்டுப் புகையும் தூசியும் பட்டு மஞ்சளித்த சுண்ணாம்பு அது. அதை வெள்ளை என்று அறிவித்தால் புகை, பதிவிலிருந்தே மறைந்துபோகும். காலம் ஓவியத்துக்குச் செய்ததை வெளிச்சத்தின் தலையில் ஏற்றிவிட்டு, காலமே நடக்காத மாதிரி ஒரு படம் கிடைக்கும். போகிற போக்கில் மற்ற நிறங்களெல்லாம் நீலம் பக்கம் சாய்ந்திருக்கும்.

இது வெறும் அழகியல் தகராறாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். இந்த ஓவியங்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை என்று கணிக்கப்படுகின்றன. 1670களில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் வந்துவிட்டார்கள். பாணி நாயக்கர் பாணி. சிங்காதனம் என்ற ஓவியன் தன் பெயரைப் பதித்து வைத்திருக்கிறான். கட்டங்களுக்குக் கீழே தமிழில் கதைக் குறிப்புகள் ஓடுகின்றன. பல பகுதிகள் உதிர்ந்துவிட்டன. அண்மைக் காலத்தில் சுத்தம் செய்து பாதுகாக்கும் வேலை நடந்தது; வி.கே. ராஜாமணியின் புகைப்படங்களும் டேவிட் ஷுல்மனின் எழுத்துமாக 2011இல் பிரகிருதி பவுண்டேஷன் நூல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுச் சுவரோவியம் ஒன்றுக்குத் தனி நூல் என்பதே இங்கு அபூர்வம். ஆனால் சுத்தம் செய்வதற்கு முன் அந்த விதானம் எந்த நிறத்தில் இருந்தது என்று நாளைக்கு ஒருவன் கேட்டால், அவனுக்கு இருக்கும் சாட்சி பழைய புகைப்படம் மட்டும்தான். அந்தப் பழைய படம் மஞ்சளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் புகையினுடையதா? பகலுக்கென்று செய்த படச்சுருளில் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்ததனாலா? படமே சாயம் போய்விட்டதா? 1970, 80களின் கல்யாண ஆல்பங்கள் எப்படிச் செந்நிறமாக மாறிப்போயின என்று எல்லார் வீட்டிலும் தெரியும். வர்ணத் தாளில் உள்ள மூன்று சாயங்களில் பச்சை நீலம் முதலில் விலகிவிட்டால் மிஞ்சுவது சிவப்பு. படத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை இருந்திருந்தால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். இல்லையென்றால் சாட்சி ஊமை. சுத்தம் செய்தவர்கள் அழுக்கை மட்டும் எடுத்தார்களா, அதற்கடியில் இருந்த மெல்லிய வர்ணத்தையும் எடுத்தார்களா என்ற கேள்வி எந்த ஓவியப் பாதுகாப்பு வேலையிலும் எழக்கூடியது, எழ வேண்டியது. பதில் சொல்ல வழியில்லாமல் போவது வெள்ளையை எழுதி வைக்காததால்.

அஜந்தாவின் கதை இன்னும் சோகம். ராபர்ட் கில் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதிய நகல்களில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் தீயில் போயின. 1920களில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் ஓவியங்களைக் காப்பாற்றப் பூசிய அரக்கு வார்னிஷ் பின்னால் மஞ்சளித்தது. அதன் பிறகு எடுத்த எந்த வர்ணப் படத்திலும் வார்னிஷும் ஒரு சக ஓவியன். 1991இல் பெனாய் பெல் பிளாஷ் இல்லாமல், குறைந்த வெளிச்சத்தில் வெகுநேரம் திறந்து வைத்து எடுத்த படங்கள் வந்தபோது அதே சுவர் வேறு சுவராகத் தெரிந்தது. ஓவியத்தை யாரும் தொடவில்லை. வெளிச்சமும் அதை ஏற்றுக்கொண்ட விதமும் மாறின. தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட சுற்றில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்களுக்கும் இதே கதிதான். நம்மில் பலருக்கு அவற்றின் நிறம் என்பது ஒரு பாடப் புஸ்தக அட்டையின் நிறம்.

படச்சுருள் காலத்தில் வெள்ளையைத் தீர்மானித்தது தொழிற்சாலை. பகல் சுருள் 5500க்கு, விளக்குச் சுருள் 3200க்கு. பொருந்தாவிட்டால் நீலமோ பழுப்போ ஒரு கண்ணாடியை லென்ஸின் முன் மாட்ட வேண்டும். தீர்மானம் வெளியே நடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, சுருளின் பெயரைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கியது. டிஜிட்டலில் தீர்மானம் உள்ளே போய்விட்டது. ஆனால் அதே டிஜிட்டல், படச்சுருளுக்கு இல்லாத ஒரு வசதியையும் கொடுத்திருக்கிறது. 'ரா' என்கிற கச்சாக் கோப்பில் சில்லு அளந்த எண்கள் பெருக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. வெள்ளைச் சமன் என்பது அதில் ஒட்டிய ஒரு சீட்டு மட்டும். சீட்டைக் கிழித்து வேறு ஒட்டலாம், அடியில் இருப்பது மாறாது. ஜேபெக் கோப்பிலோ பெருக்கி, சுருக்கி, மிச்சத்தை எறிந்தாயிற்று. பிறகு திருத்துவது, வெந்த சோற்றிலிருந்து அரிசியைத் தேடுகிற காரியம்.

நமக்குப் பழக்கமான ஒரு வேலையோடு இதை வைத்துப் பார்க்கலாம். கச்சாக் கோப்பு, ஏடு. அச்சான படம், பதிப்பு. இடையில் இருப்பவர் பதிப்பாசிரியர். இதே காவிரிக் கரையில் பிறந்த உ.வே.சாமிநாதையர், ஏட்டில் இரண்டு மூன்று விதமாக வாசகம் கிடைத்தால் ஒன்றை மேலே எடுத்துக்கொண்டு மற்றதைப் பிரதிபேதம் என்று கீழே அச்சிட்டார். அவர் தேர்ந்தது தவறு என்று இன்று ஒருவர் வாதாட முடிகிறதென்றால், வாதாடுவதற்கான பொருளை அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கப் பழகிய மரபு, நிறத்துக்கு ஒரு வரி எழுதுவதில்லை. நம் கோயில் ஓவியப் படங்களின் கீழ் சாதாரணமாக என்ன போடுகிறார்கள்? ஊர், நூற்றாண்டு, 'நன்றி' இன்னார். எந்த வெளிச்சம், எது வெள்ளையாகக் கொள்ளப்பட்டது, சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்று போட ஒரு வரி போதும்.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும், நம் நண்பர்களிடமிருந்தே வரும். மெய்யான நிறம் என்று எங்கே இருக்கிறது? சிங்காதனத்தின் காலத்தில் இதைப் பார்த்தவன் சாம்பல் அட்டையோடா வந்தான்? பகலில் தரைத் தெறிப்பிலும் இரவில் தீவட்டியிலும் பார்த்தான். அந்தச் சிவப்பு தீயின் நிறத்தில் எரிந்திருக்கும். அதை 5500க்குச் சமன் செய்து வெளுத்துக் கொடுப்பது ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் நாட்டியம் பார்ப்பது போல என்பார்கள். ஆட்சேபத்தில் பாதி நியாயம். விளக்கொளியைக் கண் முழுக்கக் கழித்துவிடுவதும் இல்லை. கொஞ்சம் மஞ்சள் தங்கத்தான் செய்கிறது, தங்குவதுதான் விளக்கொளியின் அனுபவம். எட்வின் லாண்ட் 1970களில் செய்து காட்டிய பரிசோதனைகளும், நாம் நிறத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, சுற்றியிருப்பவற்றோடு ஒப்பிட்டே பார்க்கிறோம் என்பதைத்தான் காட்டின. ஆகவே முற்றும் நடுநிலையான படம் ஒன்றுதான் மெய் என்று நானும் சொல்லவில்லை. தீவட்டி மஞ்சளைக் கொஞ்சம் விட்டுவைத்து ஒருவர் அச்சிட்டால், அது ஒரு வியாக்கியானம், வரவேற்பேன். ஆனால் வியாக்கியானத்துக்கு மூலம் வேண்டும். எல்லாமே பார்வையைப் பொறுத்தது என்று சொல்லிக்கொண்டு அட்டையையே தூக்காதவர், பார்வையைப் பற்றிப் பேசவில்லை, சோம்பலைப் பற்றிப் பேசுகிறார். அட்டை முதலில், கச்சாக் கோப்பு பத்திரமாக. அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ரஸனையைக் காட்டட்டும்.

விதானத்தில் உள்ள கதையே ஒரு மூலத்தையும் நகல்களையும் பற்றியது. இந்திரனுக்குப் போரில் உதவிய குரங்கு முகத்து அரசன் முசுகுந்தன், பரிசாகத் தியாகராஜரைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறான். முசுகுந்தன் சரியானதை அடையாளம் கண்டுகொள்கிறான். ஏழும் அவனுக்கே கிடைக்கின்றன. திருவாரூரில் ஒன்றும் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் என்று மற்ற ஆறும் அமர்கின்றன. இன்று அந்தக் கட்டத்தின் படத்தையே தேடினால் ஏழு நிறத்தில் ஏழு கிடைக்கும். முசுகுந்தனுக்குக் கண்டுகொள்ள அருள் இருந்தது. நமக்கு இருப்பது பதினெட்டு சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு சாம்பல் அட்டை. அதுவும் புஸ்தகம் வடிவமைப்பவர் கைக்குப் போனால் அசிங்கமாக இருக்கிறது என்று படத்திலிருந்து வெட்டப்படுகிறது. அடுத்த முறை அந்த விதானத்தை அச்சிடுகிறவர்கள் ஒரு கட்டத்திலாவது அதை வெட்டாமல் ஓரத்தில் விட்டுவைக்கட்டும்.